லொறிக்கு அடியில் என் இரண்டு கால்கள்

என் வயதுக்காரர்களுக்குச் சீதனமாகக் காணி வந்தது, கல்வீடு வந்தது, நகை வந்தது. எனக்கு ஆறு சில்லும் ஒரு ஹோனும் வந்தன. வேலணையில் பதினைந்து வருடம் புகையிலையும் வெங்காயமும் சுமந்து களைத்துப்போன லொறி. மாமனார் லொறித் திறப்பை என் கையில் தரும்போது, "மருமேன், இது மாடு மாதிரி, அன்பா நடத்தினா போகும்" என்றார். அன்பாக நடத்தினாலும் தள்ளினால்தான் போகும் என்பதை அவர் சொல்லவில்லை.

அந்த லொறி யாருடையது என்பது அன்றன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. நன்றாக ஓடினால் என் மனைவிக்கு அது "எங்கட லொறி". பழுதானால் "உங்கட லொறி". நான் எதிலாவது கொண்டுபோய் முட்டினால் "ஐயா தந்த லொறி".

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது "உங்கட லொறி" ஆனது. ஸ்ரியறிங்கைத் திருப்பினால் லொறி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். மண்டைதீவுச் சந்தியில் ஒருநாள் அது யோசித்து முடிப்பதற்குள் ஒரு மாடு, ஒரு சைக்கிள், சைக்கிளில் போன தபால்காரர் மூவரும் ஒதுங்கிவிட்டார்கள். தபால்காரர் ஒதுங்கியது பனங்கூடலுக்குள். அடுத்த மூன்று நாள் எங்கள் வீட்டுக்குக் கடிதம் வரவில்லை.

கோளாறு எங்கே என்று எனக்கே தெரிந்தது. முன்சில்லு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற நீளமான இரும்புத் தண்டின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு உருண்டை மூட்டு இருக்கும். அந்த மூட்டில் கரட் மாதிரி நுனி சிறுத்த ஒரு காம்பு. சில்லோடு இருக்கிற இரும்புக் கையின் துளைக்குள் அந்தக் காம்பு இறங்கி உட்காரும். கீழே ஒரு நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். இடப்பக்க மூட்டுத்தான் தேய்ந்துபோயிருந்தது. கடலுக்குக் குறுக்கே போகிற பண்ணைத் தாம்போதியில் அன்றைக்கு ஆமிக்காரர் ஆட்களை விடுகிறார்களா என்று விசாரித்துவிட்டு பஸ் ஏறி, யாழ்ப்பாணம் போய்ப் புது மூட்டு ஒன்று வாங்கி வந்தேன். பழையதைக் கழற்றிப் புதியதைப் போடவேண்டும், அவ்வளவுதான். எங்கள் மெக்கானிக் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்காகக் கராஜைப் பூட்டியிருந்தார். அதனாலென்ன, ஒரு நட்டுத்தானே?

அந்த லொறியை நம்பி ஒரு மனிதர் இருந்தார். வள்ளக்கார அண்ணை. எங்கள் ஒழுங்கைக்கு மூன்றாவது ஒழுங்கை, கோயில் மணியடித்தால் நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம், தேவாலய மணியடித்தால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர். அவருடைய கிணற்றில் கடல். அதனால் அவர் வீட்டுக் குடங்கள் எங்கள் வளவுக்கு வரும், எங்கள் வீட்டுச் சட்டிக்கு மீன் வரும். போன மாரியில் அவருடைய பழைய வள்ளம் பிளந்துபோனது. அதன்பிறகு ஐந்து மாதம் அந்த மனிதர் மற்றவர்களுடைய வள்ளத்தில் கூலிக்குப் போய்வந்தார். சொந்த வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் நின்றவர் இன்னொருவரின் வள்ளத்தில் தண்ணீர் இறைத்தார். மீன் அப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தது, அளவுதான் சிறுத்தது.

இப்போது புது வள்ளம் தயார். கடற்கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே, வள்ளம் கட்டுகிற ஓடாவியாரின் வளவில், புளியமரத்தின் கீழே அது கட்டப்பட்டிருந்தது. சனிக்கிழமை பின்னேரம் அதை என் லொறியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகவேண்டும். ஞாயிறு காலை தேவாலயத்தில் பூசை முடிய சுவாமியார் வந்து வள்ளத்தை ஆசீர்வதிப்பார். அதற்குப் பிறகுதான் அது தண்ணீரில் இறங்கும். ஆசீர்வாதம் இல்லாமல் அண்ணை ஒரு துடுப்பைக்கூட நனைக்கமாட்டார்.

புதன்கிழமை காலை ஜக்கை வைத்து லொறியைத் தூக்கி, முருகைக்கல்லும் பனங்குற்றியும் அண்டைகொடுத்து, கீழே படுத்தேன். நான் தொடுவதற்கு முதலே மனைவி தையல் நாடாவோடு குனிந்து வந்தாள். தண்டு எவ்வளவு நீளம், மூட்டின் புரி எத்தனை வெளியில் தெரிகிறது என்று அளந்து, தையல் சோக்கால் அடையாளம் போட்டாள்.

"இஞ்சாரும், லொறிக்குச் சட்டை தைக்கப்போறீரே?" என்றேன்.

"பேந்து எங்கை இருந்தது எண்டு தெரியாம முழிப்பியள். அதுக்குத்தான்."

நட்டு அரைமணித்தியாலத்தில் கழன்றுவிட்டது. நட்டுக் கழன்றதும் வேலையே முடிந்துவிட்டதென்று நினைக்கிற ஒரு சாதி உலகத்தில் உண்டு, அதன் தலைவர் நான்தான். அந்த நேரம் பார்த்து அண்ணை சைக்கிளில் வந்தார்.

"தம்பி, லொறி படுத்திருக்கு. கஸ்டமெண்டா சொல்லு. வேறை லொறி ஒண்டு இண்டைக்கே பேசிவைக்கிறன். புகையிலைக்காரர் எல்லாத்தையும் பிடிச்சுப்போடுவாங்கள்."

"என்ன அண்ணை கதைக்கிறீங்கள்! கழட்டியாச்சு!" என்று நட்டை உயர்த்திக் காட்டினேன்.

அவருக்கு நட்டும் மூட்டும் ஒன்றுதான். சந்தோசமாக மணியடித்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நான் திரும்பி மூட்டைப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை.

புதன் மத்தியானம் சுத்தியலால் தட்டினேன். பின்னேரம் அடித்தேன். வியாழக்கிழமை என்ன செய்தேன் என்பதற்குத் தமிழில் பொருத்தமான வினைச்சொல் இல்லை. காம்பின் நுனியில் நேராக அடித்ததில் அந்த நுனி காளான்போல விரிந்துவிட்டது. இனி மூட்டு வர விரும்பினாலும் துளைவழியே வரமுடியாது. அரத்தால் அந்தக் காளானை அராவவே அரைநாள் போனது. மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஒரு போத்தில் முழுக்க ஊற்றினேன். எல்லாம் மேலே வழுக்கி, என் கழுத்துவழியே இறங்கி, பெனியனுக்குள் தங்கியது. துளைக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. எப்படிப் போகாமல் இருக்கும் என்று எனக்கு விளங்கவேயில்லை.

லொறியோடு கதைக்கவும் தொடங்கியிருந்தேன். முதலில் மரியாதையாக, "வாரும், வெளியால வாரும்" என்றேன். வெள்ளிக்கிழமை காலை "வாடா" என்றேன். மத்தியானம் சொன்னதை மனைவி கேட்டுவிட்டு, "ஐயா தந்த லொறிக்கு உப்பிடியே கதைக்கிறது?" என்று குசினிக்குள்ளிருந்து சத்தம் போட்டாள்.

வெள்ளி பின்னேரம் எனக்குப் பயம் நன்றாகப் பிடித்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்தால் கை வேலை செய்யும், தலை லீவு எடுத்துவிடும். இரும்பறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு போய், வியர்வை கண்ணுக்குள் வழிய, அறுக்கத் தொடங்கினேன்.

"எதை அறுக்கிறியள்?" மனைவியின் முகம் சில்லுக்குப் பக்கத்தில் தெரிந்தது.

"மூட்டை."

"அது மூட்டில்லை. சில்லோடை இருக்கிற கை. மூட்டுக்குத்தான் புதுசு வாங்கிவைச்சிருக்கிறியள். உதுக்கும் வாங்கியிருக்கிறியளோ?"

வாளை எடுத்தேன். அந்த இரும்புக் கையில் இரண்டு இழுவை அடையாளம் பளபளவென்று தெரிந்தது. அதில் கொஞ்சம் கிறீஸைப் பூசி மறைத்தேன். லொறியிடமிருந்து மறைத்தேனா, மாமனாரிடமிருந்தா என்று இன்றைக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. நான் லொறிக்கடியில் இருந்தேன். "நான் இல்லை எண்டு சொல்லும்!" என்று மனைவிக்குக் கத்தினேன். கத்தினது ஒழுங்கைவரை கேட்டிருக்கும்.

"அவர் வெளியால போயிட்டார் அண்ணை," என்றாள் மனைவி.

சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணையின் குரல் மிக அருகில், என் கால்மாட்டிலிருந்து வந்தது.

"ஓம் தங்கச்சி. அவசரத்தில காலை விட்டிட்டுப் போயிட்டார்போல."

என் இரண்டு கால்களும் முழங்கால்வரை வெயிலில் கிடந்தன. இழுத்துக்கொண்டேன். அது இன்னும் கேவலமாக இருந்தது.

"ஆ, காலும் போயிட்டுது," என்றார் அண்ணை.

வெளியே வந்து உண்மையைச் சொன்னேன். கழன்றது நட்டு மாத்திரம். மூன்று நாளாக மூட்டு அசையவில்லை. அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் ஒரு பனங்குற்றியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"மண்டைதீவில இருந்து எங்கட சனம் வந்திட்டுது தம்பி. என்ர மனுசி விடிய எழும்பி மாவிடிக்கிறா. நாளையிண்டைக்கு, திங்கக்கிழமை, சுவாமி நெடுந்தீவுக்குப் போறார், திரும்ப ரெண்டு மூண்டு கிழமை செல்லும். அதுக்குள்ள சோளகக் காத்துத் துவங்கியிடும். துவங்கினாப் புது வள்ளத்தைக் கடலில இறக்கேலாது, புளியமரத்துக்குக் கீழதான்." தொப்பியை முழங்காலில் வைத்தார். "இன்னும் ஒரு வருசம் மற்றவையின்ர வள்ளத்தில தண்ணி இறைக்க எனக்கு ஏலாது."

வேறு லொறி இல்லை. புகையிலைக்காரர் எல்லாவற்றையும் பிடித்துவிட்டார்கள். மாட்டு வண்டிலில் அந்த வள்ளம் அடங்காது. புதன்கிழமை அவர் வேறு லொறி பேசட்டோ என்று கேட்டபோது நட்டை உயர்த்திக் காட்டிய அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, எங்கை அந்தச் சாமான்? காட்டு," என்று அண்ணை சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு லொறிக்கடியில் புகுந்தார். நானும் புகுந்தேன். அவர் அடித்துப் பார்த்தார். மூட்டு அவரையும் மதிக்கவில்லை.

அப்போது மனைவி குனிந்து கேட்டாள். "ஊறுகாய்ப் போத்தில் மூடி இறுகினா நான் என்ன செய்யிறனான்?"

"என்னட்டைத் தாறனீர்."

"நீங்கள் ஏலாம திருப்பித் தந்தாப்பிறகு?"

சுடுதண்ணீருக்குள் மூடியைப் பிடிப்பாள். சூட்டில் மூடி இளகும். லொறிக்கடியில் நெருப்பு மூட்ட அண்ணை சம்மதிக்கவில்லை. கிறீஸும் டீசலும், போதாதற்கு என் பெனியனும் அங்கே இருந்தன. பெனியனைக் கழற்றி வேலிக்கு வெளியே போடச்சொன்னார். கேத்திலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். தண்ணீர் இரும்பில் பட்டு ஆறி, என் வயிற்றில் இறங்கியது. மனைவி யோசித்தாள். உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேலை அழுத்திக்கொண்டிருந்த ஸ்திரிக்கைப் பெட்டியோடு வந்தாள். சிரட்டைக்கரி கனன்றுகொண்டிருந்த கனத்த இரும்புப் பெட்டி.

துணியால் எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்த பிறகு, அண்ணை பெட்டியைச் சரித்து அதன் அடிப்பக்கத்தை இரும்புக் கையோடு ஒட்டிப் பிடித்தார். நான் பெட்டியின் மூடி இடுக்கால் ஊதினேன். ஸ்திரிக்கைப் பெட்டி போட்டு லொறிக்கு மடிப்பெடுத்த முதல் மனிதர்கள் நாங்கள்தான். கால்மணித்தியாலம் போயிருக்கும். ஒரு மணம் வந்தது. நல்ல மணம். கோயில் மணம்.

அண்ணை மூக்கை உறிஞ்சினார். "உதென்ன, ஆரோ வள்ளத்துக்குக் குங்கிலியம் காய்ச்சுகினமோ?"

ஒருவரும் காய்ச்சவில்லை. மணம் எங்கள் மூக்குக்கு நேரே, மூட்டின் விளிம்பிலிருந்துதான் வந்தது. அங்கே மண்ணிறமாக ஏதோ பளபளத்து உருகி, துளியாகத் திரண்டு நின்றது.

நான் ஊதுவதை நிறுத்தினேன்.

போன வருசம் ஓடாவியார், அண்ணையின் பழைய வள்ளத்துக்கு நீக்கல் அடைத்தபோது, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பலகை இடுக்குகளில் பூசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். "இது பூசினா உப்புத்தண்ணி ஒரு சொட்டும் உள்ளுக்கை போகாது" என்றார் அவர். தாம்போதியில் போகும்போது அடிக்கிற உப்புத்தண்ணீரில் லொறி துருவேறிக் கறள் பிடிப்பது என் தீராத கவலை. மிச்சத்தை ஒரு தகரப் பேணியில் வாங்கிவந்து, லொறிக்கடியில் படுத்து, இந்த மூட்டுக்குச் சுற்றவர, மேலும் கீழும், இரண்டு பூச்சுப் பூசினேன். அதற்குப்பிறகு அதை மறந்தே போனேன். ஓடாவியார் சொன்னது உண்மைதான். உப்புத்தண்ணீர் போகவில்லை. மூன்று நாள் நான் ஊற்றிய மண்ணெண்ணெயும் போகவில்லை.

"அண்ணை," என்றேன்.

"ம்."

"அது என்ர வேலைதான். கறள் பிடிக்கக்கூடாதெண்டு பூசினனான்."

அண்ணை என்னை அந்த இருட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். எங்கள் இருவர் முகத்துக்கும் இடையில் ஒரு சாண்தான் இருக்கும்.

"லொறிக்கு வள்ளத்துப் பூச்சுப் பூசினனியோ?"

"ஓம்."

"அடுத்த கிழமை பாய் கட்டுவியோ?"

வெளியே மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணை சிரிக்கத் தொடங்கினார். படுத்துக்கிடந்து சிரிக்கிறவரின் வயிறு பெட்டியில் முட்டி, கரி சிந்தி, "ஐயோ ஐயோ" என்று இரண்டுபேரும் வெளியே உருண்டோம். ஐந்து மாதமாக அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார் என்பது உண்மைதான். அந்தளவுக்காவது நான் பிரயோசனப்பட்டேன்.

காரணம் தெரிந்தபிறகு வேலை ஒழுங்காக நடந்தது. இன்னும் கரி போட்டு, குங்கிலியம் முழுக்க உருகி வடியும்வரை சூடாக்கினோம். பெட்டியை எட்டக் கொண்டுபோய் வைத்தபிறகு விளிம்பைச் சுரண்டி எண்ணெய் விட்டோம். எண்ணெய் உள்ளே போனது. போனதைக் கண்ணால் கண்டேன். மெக்கானிக் ஒருநாள் செய்ததும் அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது: காம்பின் தலையில் அடிக்கக்கூடாது. அது உட்கார்ந்திருக்கிற துளையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடிக்கவேண்டும். துளை ஒரு கணம் நசிந்து விரியும், காம்பு பிடியை விடும்.

ஒரே நேரத்தில் என்பதுதான் பிரச்சினை. சுத்தியல் வருகிறபோது நான் கண்ணை மூடிவிடுவேன். முதல் அடியில் அண்ணை அடித்து முடித்தபிறகு நான் அடித்தேன். இரண்டாம் அடியில் அவருடைய சுத்தியலிலேயே அடித்தேன்.

"தம்பி, வலை இழுத்திருக்கிறியோ?"

"இல்லை அண்ணை."

"தெரியுது. தங்கச்சி, நீ சொல்லு. 'ஏலோ' எண்டு நீ இழுத்து முடிக்கேக்க நாங்கள் அடிக்கிறம்."

மனைவி வெளியே நின்று, வெட்கப்பட்டு, மெதுவாக "ஏலோ" என்றாள். "கேக்கேல்லை!" என்றோம். பக்கத்து வளவுக்காரர்கள் வேலியால் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக "ஏலே…லோ!" என்றாள். டங். "ஏலே…லோ!" டங். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, இரண்டு சுத்தியலும் ஒரு சுத்தியலாக விழுந்தன. டக் என்று வேறொரு சத்தம். மூட்டு துளையிலிருந்து பாய்ந்து, தண்டோடு சேர்ந்து என் காதுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தியது.

நான் போட்ட கூச்சலில் மனைவி லொறியே என்மேல் விழுந்துவிட்டதென்று நினைத்துக் காலைப் பிடித்து இழுத்தாள். என் கால்களுக்கு அன்றைக்கு ஓய்வே இல்லை.

புது மூட்டை மனைவி எண்ணிவைத்த புரிக் கணக்குக்கே முறுக்கி, சோக் அடையாளத்தில் நிறுத்தி இறுக்கினோம். அவள் மறுபடி நாடாவால் அளந்து, "சரி" என்று சொன்னபிறகுதான் லொறியை இறக்க விட்டாள். சட்டை தைக்கிற பகிடியை நான் திரும்பச் சொல்லவில்லை.

பின்னேரம் ஓடாவியாரின் வளவில் மண்டைதீவுச் சனம் எல்லாம் சேர்ந்து வள்ளத்தைத் தூக்கி ஏற்றியது. அணியம் என் தலைக்குமேல் முன்னால் நீண்டிருந்தது. அண்ணை கீழே இறங்க மறுத்துவிட்டார். வள்ளத்துக்குள்ளேயே ஏறி நின்றுகொண்டு, "வலம் பிடி! இடம் பிடி! கல்லிருக்கு, பாத்துப் போ!" என்று எனக்குக் கட்டளையிட்டார். முதல் வளைவில் ஸ்ரியறிங்கைத் திருப்பினேன். பழைய பழக்கத்தில், அது யோசிக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே திருப்பினேன். லொறி யோசிக்கவில்லை. உடனே திரும்பியது. ஒரு கிடுகு வேலியை முகர்ந்துவிட்டுத்தான் நான் அதை நேராக்கினேன்.

"உது லொறியோ, சுறாவோ?" என்று மேலிருந்து சத்தம் வந்தது.

ஞாயிறு காலை சுவாமியார் புது வள்ளத்தைச் சுற்றிவந்து தீர்த்தம் தெளித்தார். மனைவி நன்றாக மடிப்பெடுத்த சேலை கட்டியிருந்தாள். அதில் குங்கிலிய மணம் லேசாக அடித்தது, தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். வள்ளத்தைத் தெளித்து முடித்த சுவாமியார், கரையில் நின்ற லொறியையும் பார்த்து, இதுவும் பாடுபட்டதுதானே என்று முன்சில்லுப் பக்கமாக இரண்டு தரம் தெளித்தார். நான் என்னையறியாமல் துவாயை எடுத்துக்கொண்டு மூட்டைத் துடைக்க ஓடினேன்.

"துடையாதை தம்பி, தீர்த்தத்துக்குக் கறள் பிடிக்காது," என்றார் அண்ணை. "நீ ஒண்டும் பூசாமல் விட்டாச் சரி."

வள்ளம் இறங்கியது. இருபதுபேர் "ஏலேலோ" சொன்னார்கள், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது. வேலணையில் வளர்ந்து, வலை இழுத்துப் பழக்கமே இல்லாத ஒருத்தியின் குரல். அண்ணை அணியத்தில் ஏறி நின்றார். போகுமுன் என்னிடம் கையை நீட்டினார்.

"அந்தப் பழைய மூட்டைத் தா."

"என்னத்துக்கு அண்ணை?"

"கல்லோடை சேத்துக் கட்டி நங்கூரமாப் போடுறன். மூண்டு நாள் அடிச்சும் விடாத சாமான். சோளகத்துக்கு உதுதான் வேணும்."

கொடுத்தேன். அவர் அதைக் காலடியில் போட்டுவிட்டுத் துடுப்பைத் தள்ளினார். வள்ளம் அசைந்து, நீருக்குத் திரும்பி, அவர் பிடித்த பக்கமே உடனே போனது. தண்ணீர் இறைக்கிறவன் இடத்தில் அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை. இறைக்கத் தண்ணீரே உள்ளே வரவில்லை. ஓடாவியார் குங்கிலியத்தை, பூசவேண்டிய இடத்தில் பூசியிருந்தார்.